எலும்பு வளரல டீச்சர், விலகியிருக்கு

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயசு. ஸ்கூல் டீச்சர், ஒரு நாளைக்கு ஆறு மணிநேரம் நின்னுட்டேதான் பாடம் எடுக்கறேன். ரெண்டு காலிலயும் பெருவிரல் ஓரத்துல எலும்பு வளர்ந்து முட்டிக்கிட்டு நிக்குது, வலது கால்ல ரொம்ப மோசம், பெருவிரல் சாஞ்சு ரெண்டாவது விரலைத் தள்ளுது. எங்க அம்மா காலும் இப்படித்தான் இருந்துச்சு. ஆன்லைன்ல விரலை நிமித்தி வைக்கற ஒரு ஸ்ப்ளிண்ட் பட்டை வாங்கி நாலு மாசமா ராத்திரி கட்டிட்டு தூங்கறேன், காலைல கழட்டி நடந்தா விரல் பழையபடி போயிடுது. ரெண்டாவது விரலுக்குக் கீழ அடிப்பாதத்துல ஆணி மாதிரி வந்திருக்கு, கார்ன் பிளாஸ்டர் ஒட்டிட்டு இருக்கேன். போன வருஷத்துலருந்து சுகருக்கு மாத்திரை சாப்பிடறேன். தெரிஞ்சவங்க எலும்பை செதுக்கி எடுத்துட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா? என் பொண்ணுக்கு 14 வயசு, அவளுக்கும் லேசா சாயற மாதிரி தெரியுது, அதை நினைச்சாதான் பயமா இருக்கு.

பதில்: வணக்கம் டீச்சர். நீங்க கடைசியா பொண்ணைப் பத்தி கேட்டிருக்கீங்க, அதுக்கு வர்றேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அந்த கார்ன் பிளாஸ்டரை இப்பவே எடுத்துடுங்க. அதுல இருக்கறது சாலிசிலிக் ஆசிட், தடிச்ச தோலை அரிச்சு எடுக்கறதுதான் அதோட வேலை, ஆனா எது தடிச்ச தோல் எது நல்ல தோல்னு அதுக்குத் தெரியாது, பக்கத்துல இருக்கற நல்ல தோலையும் சேர்த்து அரிச்சிடும். சுகர் இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமா மங்கிட்டே வரலாம், அது மங்கறதே நமக்குத் தெரியாது, பிளாஸ்டருக்கு அடியில புண்ணாகி நாலு நாள் ஆனாலும் வலிக்காது, சாக்ஸ்ல கறை பட்டாதான் தெரியும். அப்படி வந்தவங்களை நான் நிறைய பாத்திருக்கேன், எல்லாருமே காலை நல்லா பாத்துக்கணும்னு நினைச்சுதான் அதை ஒட்டியிருப்பாங்க. பிளாஸ்டரை எடுத்துட்டு ஒரு கண்ணாடியை தரையில வச்சு அடிப்பாதத்தைப் பாருங்க, இல்ல பொண்ணைப் பாக்கச் சொல்லுங்க. தோல் வெள்ளையா ஊறிப்போயிருந்தாலோ, பிளந்திருந்தாலோ, ஈரம் கசிஞ்சாலோ நாளைக்கே ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க, பிளேடு வச்சு வீட்ல வெட்டவே வெட்டாதீங்க.

இப்ப அந்த எலும்புக்கு வருவோம். இதுக்கு மருத்துவத்துல பன்யன்னு பேரு (உள்ளாடை பேர் மாதிரியே இருக்கறதால முதல்தடவை கேக்கறவங்க குழம்புவாங்க). எலும்பு வளர்ந்திருக்குன்னு நீங்க மட்டும் இல்ல, என்கிட்ட வர்ற பத்துல எட்டு பேர் அப்படித்தான் நினைச்சுட்டு வர்றாங்க, பாக்க அப்படித்தானே தெரியுது. ஆனா பெரும்பாலும் அங்க புதுசா எதுவும் வளரல. உங்க பெருவிரலுக்குப் பின்னாடி பாதத்துக்குள்ள ஒரு நீளமான எலும்பு இருக்கு, அது மெல்ல மெல்ல உள்பக்கமா, அதாவது இன்னொரு கால் இருக்கற பக்கமா விலகுது, அதோட நுனியில இருக்கற விரல் அதுக்கு நேர் எதிரா ரெண்டாவது விரல் பக்கம் சாயுது. ரெண்டும் சேர்ற மூட்டு நடுவுல மடங்கின முழங்கை மாதிரி வெளிய துருத்திட்டு நிக்குது. முழங்கையை மடக்கினா எலும்பு வளர்ந்துடுச்சுன்னு யாரும் சொல்ல மாட்டோம் இல்ல, அதே கதைதான். அந்த முனையை செருப்பு உரச உரச மேல இருக்கற சின்ன நீர்ப்பை வீங்கிக்குது, செவந்து போய் தொட்டாலே வலிக்கறது பெரும்பாலும் அந்தப் பைதான்.

இது ஏன் தானா நிக்காம கூடிக்கிட்டே போகுதுன்னா, நம்ம தசைகளே அதுக்குத் துணை போயிடுது. பெருவிரலை ரெண்டாவது விரலை விட்டு விலக்கி விரிச்சு வைக்க ஒரு தசை, மத்த விரல்கள் பக்கம் இழுக்க ஒரு தசைன்னு ரெண்டு இருக்கு, ரெண்டும் சமமா இழுக்கற வரைக்கும் விரல் நேரா நிக்கும். எலும்பு ஒரு அளவுக்கு மேல விலகிடுச்சுன்னா விரிக்கற தசை பாதத்துக்கு அடியில வழுகிப் போயிடும், அப்புறம் அதால விரிக்க முடியாது, இழுக்கற தசைக்கு எதிர்ல ஆளே இல்ல. விரலை ஆட்டி அசைக்கற நரம்பு மாதிரியான நாண்களும் வில்லுல கட்டின கயிறு மாதிரி குறுக்கால நின்னு, நீங்க ஒவ்வொரு தடவை விரலை ஊனும்போதும் இன்னும் கொஞ்சம் சாய்க்குது. ஆனா எல்லாருக்கும் ஒரே வேகத்துல அதிகமாகாது, சில பேருக்கு இருபது வருஷமா ஒரே மாதிரி இருக்கும், அதனால அடுத்த வருஷம் நடக்கவே முடியாதோன்னு பயந்துட்டு உக்காராதீங்க.

உங்க அம்மாவுக்கு இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆமா, குடும்பத்துல வரும். வர்றது புடைப்பு இல்ல, பாதத்தோட அமைப்பு, மூட்டைப் பிடிச்சிருக்கற தசைநார் எவ்வளவு தளர்வு, பாதம் எவ்வளவு தட்டை, அந்த எலும்பு எவ்வளவு சுலபமா நகரும்ங்கறதெல்லாம். அந்த அமைப்புமேல செருப்பும் ஷூவும் சேர்ந்துதான் மிச்ச வேலையைப் பண்ணுது. 1958ல ஹாங்காங்ல பண்ணின ஒரு ஆய்வுல ஷூ போட்டுப் பழகினவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு பெருவிரல் சாஞ்சிருந்துச்சு, ஷூவே போடாம வளர்ந்தவங்கள்ல நூத்துல ரெண்டு பேருக்குதான். இன்னொண்ணு 2021ல வந்தது, இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல பழைய கல்லறைகள்ல இருந்து எடுத்த 177 எலும்புக்கூடுகளைப் பாத்தாங்க, 11லருந்து 13ம் நூற்றாண்டு ஆளுங்கள்ல 6 சதவீதம் பேருக்கு இது இருந்துச்சு, அதுக்கு அடுத்து 14, 15ம் நூற்றாண்டுல 27 சதவீதம். நடுவுல என்ன ஆச்சுன்னா முனை கூர்மையான ஷூ ஃபேஷன் ஆயிடுச்சு, சாமியார் மடத்துல இருந்தவங்க வரைக்கும் போட்டிருக்காங்க. இதுல எனக்கு இன்னும் முக்கியமா படறது வேற ஒண்ணு, விரல் சாஞ்சிருந்த வயசானவங்களோட எலும்புகள்ல கீழ விழுந்து உடைஞ்ச மாதிரியான முறிவுகளும் அதிகமா இருந்துச்சு. பெருவிரல் நாம நடக்கும்போது தரையைப் பிடிச்சுத் தள்ளற விரல், அது சாஞ்சா நடையோட பிடிமானமே குறையும்.

இதைப் படிச்சுட்டு அப்ப நான் செருப்பே போடாம இருந்துடறேன்னு கிளம்பிடாதீங்க டீச்சர், சுகர் இருக்கறவங்க வெறுங்காலோட வெளிய நடக்கக் கூடாது. தேவை செருப்பில்லாத கால் இல்ல, காலோட அகலத்துக்கு ஏத்த செருப்பு.

ஸ்ப்ளிண்ட் விஷயத்துல உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நாலு மாசம் விடாம கட்டினேன்னு எழுதினதைப் படிக்கும்போது எனக்கு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா விளம்பரத்துல காட்டற மாதிரி விரலை நிரந்தரமா நிமித்தற வேலையை அதால பண்ணவே முடியாது. நீங்க படுத்திருக்கும்போது காலுக்கு பாரமே இல்ல, அப்ப அது நேரா பிடிச்சு வைக்குது, காலைல எழுந்து நின்னதும் உடம்போட மொத்த எடையும் அந்த முன்பாதத்துல இறங்குது, ஆறு மணிநேரம். ராத்திரி அது நிமித்தினதை பகல் பூரா எடை மறுபடி சாய்க்குது. கட்டிக்கிட்டா ராத்திரி இதமா இருக்குன்னா வச்சுக்கோங்க, இறுக்கமா கட்டாதீங்க, காலைல தோல்ல தடம் விழுந்திருக்கான்னு பாருங்க. இதம் இல்லன்னா விட்டுடுங்க, எதையும் இழக்கப் போறதில்ல. விரல் நடுவுல வைக்கற சிலிக்கான் ஸ்பேசரும் இப்படித்தான், விரலும் விரலும் உரசறதைத் தடுக்கும், நிமித்தாது. அதை குறுகலான ஷூக்குள்ள வச்சுப் போட்டா ரெண்டாவது விரலைத்தான் இன்னும் நெருக்கும்.

இப்ப நான் உண்மையிலயே உங்ககிட்ட கேக்கற ஒரே விஷயம். இன்னிக்கு சாயங்காலம், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கற நேரம், ஒரு வெள்ளைத்தாளை தரையில வச்சு வெறுங்காலோட அதுமேல முழு எடையும் போட்டு நில்லுங்க, உக்காந்து வேண்டாம், உக்காந்தா பாதம் விரியாது. பென்சிலை செங்குத்தா பிடிச்சு பொண்ணை விட்டு பாதத்தைச் சுத்தி வரையச் சொல்லுங்க. அப்புறம் நீங்க ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போற ஷூவை அந்தப் படத்து மேல வைங்க. என் ரூம்ல நான் இதை தினமும் பண்றேன், போன வாரம்கூட ஒரு அம்மா வந்திருந்தாங்க, ஷூவை வச்சதும் ரெண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு பென்சில் கோடு வெளிய தெரிஞ்சுது, அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் ஷூவைக் கையில எடுத்து உள்ள விரலை விட்டுப் பாத்தாங்க, பெருவிரல் மூட்டு படற இடத்துல லைனிங் தேஞ்சு ஓட்டையாயிருந்துச்சு. பல வருஷமா அந்த அளவுதான் என் அளவுன்னு கேட்டு வாங்கிட்டு இருந்திருக்காங்க. வயசாக ஆக பாதம் அகலமாகும் நீளமும் ஆகும், இருபத்தஞ்சு வயசுல அளந்த நம்பர் நாப்பத்தேழுல செல்லாது.

புதுசா வாங்கும்போது நம்பரைப் பாக்காதீங்க, அந்தத் தாளைக் கையில எடுத்துட்டுப் போங்க. முன்பக்கம் அகலமா, உருண்டையா இருக்கணும், எல்லா விரலும் படுத்த மாதிரி விரிஞ்சு இருக்க இடம் வேணும், நீளமான விரலுக்கு முன்னாடி கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கணும். அகலம் பத்தலன்னு ஒரு சைஸ் நீளமா வாங்கறது நிறைய பேர் பண்ற தப்பு, அப்படி வாங்கினா கால் முன்னாடி வழுக்கி மறுபடி குறுகலான இடத்துலயே போய் முட்டும். குதிகால் உயரம் ஒரு இன்ச்சுக்குள்ள இருந்தா நல்லது, உயரம் ஏற ஏற எடை எல்லாம் முன்பாதத்துக்கு வந்துடும். மேல்பாகம் மெத்துனு இருக்கணும், மூட்டு வர்ற இடத்துல தையல் ஓடக்கூடாது. அடிப்பாகம் மட்டும் கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும், கையில பிடிச்சு மடக்கினா துணி மாதிரி மடங்கற ஷூ உங்களுக்கு ஆகாது. பின்பக்கம் பிடிமானம் இல்லாம சும்மா மாட்டிக்கற செருப்பும் வேண்டாம், அது கழண்டுடாம இருக்க விரல்கள் நாள் பூரா இறுக்கிப் பிடிச்சுட்டே இருக்கும். லேஸ் ஷூன்னா புடைப்புக்கு நேரா இருக்கற ஓட்டையில லேஸ் கோக்காம விட்டுடுங்க, அந்த இடத்துல மட்டும் இறுக்கம் தளரும். நல்ல தோல் ஷூ ஒண்ணு இருக்கு தூக்கிப்போட மனசில்லன்னா, ஷூ ரிப்பேர் பண்றவங்க அந்த ஒரு இடத்தை மட்டும் இழுத்து விரிச்சுக் குடுப்பாங்க, கேட்டுப் பாருங்க. சரியான ஷூக்கு மாறினா விரல் நிமிராது, ஆனா வலி குறையும், நிறைய பேருக்கு அதோட என்கிட்ட வேலை முடிஞ்சுடுது.

அந்த ஆணி. அது தனி வியாதி இல்ல, இதே பிரச்சனையோட தொடர்ச்சிதான். பெருவிரல் தன் பங்கு எடையைத் தாங்காம ஒதுங்கிட்டதால அந்த எடை பக்கத்துல இருக்கற ரெண்டாவது எலும்போட முனைக்குப் போகுது, அது மெலிசு, அவ்வளவு எடைக்குப் பழகினது இல்ல, அதனால அங்க தோல் காய்ச்சுப் போகுது. எத்தனை தடவை தோலை எடுத்தாலும் எடை அங்கயே விழற வரைக்கும் திரும்ப வரும். இதுக்கு முன்பாத பேடுன்னு ஒண்ணு கிடைக்கும், அதை எல்லாரும் வலிக்கற இடத்து மேலயே வைக்கறாங்க, வலி கூடுதுன்னு கழட்டிடறாங்க. வைக்க வேண்டியது வலிக்கற இடத்துக்கு ஒரு விரல் பின்னாடி, குதிகால் பக்கமா, அப்பதான் அது எலும்பைத் தூக்கி எடையைப் பரப்பும். ஷூக்குள்ள போடற இன்சோலும் உதவும், ஆனா எவ்வளவு உதவும்னு தெளிவா சொல்லிடறேன். ஃபின்லாந்துல 209 பேரை வச்சுப் பண்ணி 2001ல வெளியிட்ட ஆய்வுல இன்சோல் போட்டவங்களுக்கு ஆறு மாசத்துல வலி குறைஞ்சிருந்துச்சு, ஒரு வருஷம் ஆனப்போ அந்த வித்தியாசம் மறைஞ்சு போச்சு, ஒரு வருஷக் கணக்குல ஆபரேஷன் பண்ணினவங்கதான் நல்லா இருந்தாங்க. அதனால விலை ஜாஸ்தியான இன்சோலை யாராவது இதுதான் தீர்வுன்னு சொல்லி வித்தா யோசிங்க.

உடற்பயிற்சி விரலை நேராக்கும்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா மூட்டு இறுகிப் போகாம பாத்துக்கும், பாதத்துக்குப் பலம் குடுக்கும். சேர்ல உக்காந்து பாதத்தை முழுசா தரையில வச்சுட்டு எல்லா விரலையும் மேல தூக்குங்க, அப்புறம் சுண்டுவிரலை வெளிப்பக்கமா இறக்குங்க, அடுத்து பெருவிரலை உள்பக்கமா, ரெண்டாவது விரலை விட்டு விலகி வர்ற மாதிரி இறக்குங்க. முதல் வாரம் ஒண்ணுமே அசையாது, அப்படித்தான் இருக்கும், கையால விரலைப் பிடிச்சு வழி காட்டிக் குடுங்க, கொஞ்ச நாள்ல தானா லேசா நகரும். பத்து தடவை, ரெண்டு வேளை. கூடவே கெண்டைக்கால் தசையையும் நீட்டுங்க, சுவர்ல கையை ஊனி ஒரு காலை பின்னாடி வச்சு குதிகால் தரையை விட்டு எழும்பாம முப்பது செகண்ட், மூணு தடவை, அந்தத் தசை இறுக்கமா இருந்தா குதிகால் சீக்கிரமே தூக்கி எடை முன்பாதத்துல விழுந்துடும். கிளாஸ்ல பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நாலு அடி நடங்க, பசங்க எழுதற நேரத்துல உக்காருங்க, தயங்காதீங்க.

வலி அதிகமா இருக்கற நாள்ல ஐஸைத் துணியில சுத்தி பத்து நிமிஷம் வைக்கலாம்னு மத்தவங்களுக்குச் சொல்வேன், உங்களுக்கு பாதத்துல உணர்ச்சி சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணின அப்புறம்தான். மெலிசான நைலான் நூல் மாதிரி ஒண்ணால பாதத்துல அங்கங்க தொட்டுக் கேப்பாங்க, அஞ்சு நிமிஷ வேலை, சுகர் செக்கப்புக்குப் போறப்போ கேட்டு வாங்கிப் பண்ணிக்கோங்க. வலி மாத்திரையும் சுகர், கிட்னி, பிபி பாக்கற டாக்டரைக் கேக்காம தொடர்ந்து போடாதீங்க. சட்டுனு ஒரு ராத்திரி அந்த மூட்டு செவந்து நெருப்பா கொதிச்சு போர்வை பட்டாகூட தாங்க முடியாம வலிச்சா அது பன்யன் வலி இல்ல, யூரிக் ஆசிட் மூட்டுல படியறதால வர்ற கவுட்ங்கற மூட்டு நோயா இருக்கலாம், மூட்டுல கிருமித் தொற்றாவும் இருக்கலாம், விடிஞ்சதும் போய்க் காட்டணும்.

ஆபரேஷன். நான் அதைப் பண்ற டாக்டர்தான், ஆனாலும் சொல்றேன், பாக்க நல்லா இல்லைங்கறதுக்காகப் பண்ணாதீங்க, இனி கூடிடுமோன்னு பயந்தும் பண்ணாதீங்க. நல்ல அகலமான ஷூ போட்டு சில மாசம் ஆகியும் தினசரி வேலையைத் தடுக்கற அளவுக்கு வலி இருந்தா, இல்ல ரெண்டாவது விரல் பெருவிரல் மேல ஏறிட்டு வந்தா, அப்ப பேசலாம். நீங்க வலது கால்ல ரெண்டாவது விரல் தள்ளப்படுதுன்னு எழுதியிருக்கறதால ஒரு தடவை நேர்ல காட்டறது நல்லதுதான். எக்ஸ்ரேல கோணத்தை அளப்போம், பெருவிரல் சாய்வு 15 டிகிரிக்குள்ள இருந்தா இயல்பு, 40ஐத் தாண்டினா கடுமையானதுன்னு வச்சுப்போம். ஆனா 40 டிகிரி இருந்தும் வலியே இல்லாதவங்களும் உண்டு, 20லயே துடிக்கறவங்களும் உண்டு, அதனால டிகிரியை வச்சு மட்டும் யாராவது கத்தியை எடுத்தா இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க.

செதுக்கி எடுத்துட்டா போதும்னு சொன்னாங்களே, அது எலும்பு வளர்ந்திருந்தாதான் சரி. விலகின எலும்பை விலகின இடத்துலயே விட்டுட்டு துருத்தின முனையை மட்டும் சீவினா மறுபடி சாய்ஞ்சுட்டேதான் போகும். இப்ப பண்றது, எலும்பைக் குறுக்கால வெட்டி நகர்த்தி சரியான இடத்துல வச்சு ஸ்க்ரூ போடறது. வெட்டின எலும்பு ஒண்ணு சேர ஆறு வாரம் ஆகும், அது வரைக்கும் கெட்டி அடி வச்ச தனி செருப்பு போடணும், காலைத் தூக்கி வச்சே இருக்கணும், வீக்கம் முழுசா வத்த ஆறு மாசம்கூட ஆகும். நீங்க நின்னு பாடம் எடுக்கற வேலை, ரெண்டு மூணு மாசம் வேலைல ஏற்பாடு பண்ணாம இறங்காதீங்க. மூட்டு இறுகிப் போறது, ஓரத்துல மரத்துப் போறது, சில வருஷத்துல திரும்ப சாயறது, இதெல்லாம் நடக்கக்கூடியதுதான், நிறைய பேர் நல்லா ஆயிடறாங்கங்கறதும் உண்மைதான். சுகர் கட்டுப்பாட்டுல இல்லாம பண்ணினா புண் ஆற லேட்டாகலாம், தொத்து வர்ற வாய்ப்பும் ஜாஸ்தி, அதனால சுகரைக் கட்டுப்படுத்தறது முதல்ல.

பொண்ணு. 14 வயசுல லேசான சாய்வு, வலி இல்லைன்னா வைத்தியமே வேண்டாம், ஆபரேஷன் பத்தி நினைக்கவே வேண்டாம், எலும்பு வளர்ற வயசுல பண்ணினா திரும்ப வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, வளர்ச்சி முடியற வரைக்கும் காத்திருப்போம். அவ கால்ல இப்ப உங்க கையில இருக்கறது ஷூ ஒண்ணுதான். அவளையும் தாள் மேல நிக்க வச்சு வரைங்க, தேதி எழுதி வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரைஞ்சு ஒப்பிட்டுப் பாருங்க, ஸ்கூல் ஷூவும் விளையாட்டு ஷூவும் ரெண்டையும் வச்சுப் பாருங்க, இந்த வயசுல நமக்குத் தெரியறதுக்குள்ள ஷூ சின்னதாயிடும். அவகிட்ட இதைச் சொல்லும்போது உன் காலும் என் கால் மாதிரி ஆயிடும்னு மட்டும் சொல்லாதீங்க, அந்த வயசுல அது மனசுல ஒட்டிக்கும்.

எக்ஸ்ரே எடுக்கப் போனா படுக்க வச்சு எடுக்க விடாதீங்க, நின்னுட்டு எடுக்கணும்னு டாக்டர் சீட்டுலயே எழுதி வாங்கிக்கோங்க, எடை இறங்காத பாதத்துல உண்மையான கோணம் தெரியாது. அந்தப் படமும் பென்சில்ல வரைஞ்ச தாளும் கைல இருந்தா எனக்கு மறுபடி எழுதுங்க. பிளாஸ்டருக்கு அடியில தோல் எப்படி இருக்குன்னு மட்டும் இன்னிக்கு ராத்திரியே பாத்துடுங்க டீச்சர்.